கொழும்புக்கு வெளியே நின்ற கப்பல்

என் கணவர் கேஸ் கப்பலில் சமையல்காரர். வளைகுடாவில் ஏற்றும் கேஸை நம் பக்கத்து நாடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிற கப்பல் அது. சில தடவை மாலைதீவுக்கு அப்பால், நடுக்கடலில், ஒரு பெரிய கப்பலோடு ஒட்டி நின்று அதன் வயிற்றிலிருந்து வாங்கிக்கொள்ளுமாம். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் பசுவோடு ஒட்டி நிற்கும் கன்று என் கண்ணுக்குள் வரும். நான் அந்தக் கப்பலைப் பார்த்ததில்லை. நாங்கள் இருக்கும் றக்வானை மலையிலிருந்து கடல் வெகு தூரம்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்க மலைக்கு ஏறும் அம்மாமார் காலையில் கைப்பிள்ளைகளை எங்களிடம் விட்டுப்போவார்கள். பால் காய்ச்சுவதும், போத்தல்களை வெந்நீரில் போட்டு எடுப்பதும், கஞ்சி வைப்பதும் எல்லாம் ஒரே கேஸ் அடுப்பில்தான். நானும் ஆயம்மாவும் மட்டும். என் மகளும் அப்போது அங்கேதான் தவழ்ந்து, நடந்து, ஓடத் தொடங்கியிருந்தாள்.

நாட்டில் டொலர் தீர்ந்துபோன வருஷம் அது. முதலில் பால்மா கிடைக்கவில்லை, பிறகு மண்ணெண்ணெய், பிறகு கேஸ். டவுனில் கேஸ் விற்கும் முஸ்லிம் நானாவின் கடை வாசலிலிருந்து பஸ் நிலையத்தையும் தாண்டி வெற்றுச் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிவிட்டு, ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலையில் மலையிலிருந்து பனி இறங்கி வீதியை மூடும்போது, அந்தச் சிலிண்டர்கள் முக்காடு போட்டுக் குந்தியிருக்கும் ஆட்களைப் போலத் தெரியும். யாரும் பேசாமல் எதற்கோ காத்திருக்கிற ஒரு ஊர். நான் அவற்றினூடே நடந்து போகும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வேன். ஏனென்று எனக்கே தெரியாது.

யார் போய்க் கேட்டாலும் நானா சிங்களத்தில் ஒரே பதிலைத்தான் சொல்வார். "நெவ எனகங் இன்ன." கப்பல் வரும்வரை இருங்கள். ஒரு நாள் என்னைக் கண்டதும் அந்தப் பதிலை மாற்றினார்.

"கப்பல் வந்தீக்கி தங்கச்சி. கொழும்புக்கு வெளிய நிக்கிதாம். டொலர் கட்டினாத்தான் எறக்குவாங்களாம்."

வரிசையில் நின்றவர்கள் அந்தக் கப்பலைத் திட்டினார்கள். நானும் மனதுக்குள் திட்டிக்கொண்டு வெற்றுக் கையோடு மலை ஏறினேன்.

அன்று பின்னேரம் தெரியாத ஒரு உள்ளூர் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அவர். லீவுக்கு வந்து இறங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"கொழும்புக்கு முன்னால. பழைய சிம் கார்டைப் போட்டேன், சிக்னல் கெடைக்குது. ஆனா எறங்க ஏலாது."

நானா சொன்ன கப்பல் அவருடையதுதான். ஒரு நாட்டுக்கே போதுமான கேஸின் மேல் அவர் நின்றுகொண்டிருந்தார். இங்கே நான் போத்தல் கழுவ வெந்நீர் இல்லாமல் நின்றேன். அவருடைய சமையலறையில் நெருப்பே கிடையாது என்பது எனக்கு முன்பே தெரியும். கேஸ் கப்பலில் தீக்குச்சி உரசக்கூட விடமாட்டார்கள், எல்லாம் மின்சார அடுப்பு. தொலைபேசியைக்கூட மேல்தளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டு அறையின் வட்டக் கண்ணாடி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டுதான் பேசுகிறேன் என்றார். பின்னேரமானால் கொழும்பு ஒவ்வொரு துண்டாக இருண்டுபோவது தெரிகிறதாம். மின்வெட்டு எந்தப் பகுதிக்கு எப்போது என்று கப்பலில் இருப்பவர்களுக்கு இப்போது பாடமாகிவிட்டதாம்.

பிள்ளைக் காம்பராவில் கடைசிச் சிலிண்டர் தீர்ந்தது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை, மிலாறு என்போம், அவற்றை எரிக்கப் பின்னால் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தோம். மிலாறு ஈரம். புகை உள்ளே வந்து பிள்ளைகள் இருமத் தொடங்கினார்கள். ஆயம்மா கல்லை இன்னும் தள்ளி, கொய்யா மரத்தடிக்குக் கொண்டுபோனார். மறுநாள் பிள்ளையை விட வந்த ஒரு அம்மா இடுப்பில் பிள்ளையும் கையில் ஒரு கட்டுக் காய்ந்த மிலாறுமாக வந்தாள். யாரும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாள் எல்லாரும் அப்படியே வந்தார்கள். பால் காயும்வரை தொட்டில்களில் கிடக்கும் பிள்ளைகள் வாசலைப் பார்ப்பார்கள். கொய்யா மரத்தைச் சுற்றிப் புகை ஏறி, பனியோடு கலந்து, எது புகை எது பனி என்று தெரியாமல் போகும். அழுகிற பிள்ளைகூட அதைப் பார்த்து வாயைத் திறந்தபடி அமைதியாகிவிடும்.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஒரே கனவு. பள்ளத்தாக்கு நிறையப் பனி. அதன் மேல், தேயிலை மலைக்கு நேரே, அவருடைய கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும். சங்கிலி கீழே எங்கள் லயத்து வீட்டுக் கூரைகளுக்கு நடுவில் இறங்கியிருக்கும். யாருக்கும் அது ஆச்சரியமாக இராது. பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவார்கள்.

கடைசியில் நானாவிடம் மட்டும் சொன்னேன். அந்தக் கப்பலில்தான் என் கணவர் இருக்கிறார் என்று. சிபாரிசு கேட்பார், எப்போது இறக்குவார்கள் என்று விசாரிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கணக்குக் கொப்பியை மூடிவைத்தார்.

"அவருக்குச் சாப்பாடு தண்ணி ஈக்கிதா?" என்று கேட்டார்.

கடையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளில் அந்தக் கப்பலுக்குள் ஆட்கள் இருப்பதாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் கொழும்புக்குப் போவதென்று முடிவெடுத்தேன். டீசலும் இல்லாத காலம், பஸ் ஓடுமோ ஓடாதோ என்று ஆயம்மா தடுத்துப் பார்த்தார். விடியவே மகளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். பெல்மதுளையில் ஒரு பஸ், இரத்தினபுரியில் இன்னொன்று. வளைவுகளில் மகள் என் மடியில் தூங்கித் தூங்கி விழித்தாள். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும், "கடலா?" என்று கேட்டாள். பாதி வழி நானும் தூக்கத்தில்தான் வந்தேன். அவிசாவளையின் வெக்கை முகத்தில் அடித்தபோதுதான் மலை முடிந்தது தெரிந்தது.

கொழும்பில், காலிமுகத்திடலின் கடல் மதில் ஓரமாக நின்றோம். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. தூரத்தில் கப்பல்கள் நின்றன. வெக்கையில் கடலும் வானமும் சேரும் கோடு அழிந்துபோய், கப்பல்கள் தண்ணீரைத் தொடாமல் கொஞ்சம் மேலே மிதப்பதுபோல இருந்தன. அவருக்கு அழைப்பு எடுத்தேன்.

"நான் ஜன்னல்லதான் நிக்கிறேன். செவப்பு அடி, வெள்ளை மாடி. தெரியுதா?"

எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரிந்தன. தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

"பொறு. இப்ப எங்க முதுகு ஒங்க பக்கம். காத்து மாறுது, கப்பல் திரும்பும்."

நங்கூரம் போட்ட கப்பல் காற்றோடு சேர்ந்து தன்னைத் தானே சுற்றும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, மேய்கிற மாடுகள் ஏதோ சத்தம் கேட்டு ஒரே பக்கம் தலை திருப்புவதுபோல, எல்லாக் கப்பல்களும் மெல்ல மெல்லத் திரும்பின. ஒவ்வொன்றாக நீண்டு, விலாவைக் காட்டி, வெயிலில் ஒரு கணம் நிறம் கொண்டன. எது அவருடையது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லாம் திரும்பியதால் அவரும் திரும்பினார் என்று தெரிந்தது. மகள் எல்லாவற்றுக்கும் கை காட்டினாள். அவள் கை காட்டுகிறாள் என்று சொன்னேன். இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

கேஸை இறக்காமல் இப்படி நிற்பதைப் பற்றித்தான் கப்பலில் கதையெல்லாம் என்று அவர் பிறகு சொன்னார். எஞ்சின் பகுதியில் ஒரு தூத்துக்குடிக்காரர். நமக்கு நடுவில் இருக்கிற கடல் ஒரு ராத்திரிப் பயணம்கூட இல்லை, ஒரு குழாயைப் போட்டிருந்தால் இப்படி நிற்க வேண்டியதில்லை என்பாராம். பம்ப் பார்க்கும் பங்களாதேஷ்காரர் தலையை ஆட்டுவாராம். கோபம் வந்தால் குழாயை மூடிவிடுவார்கள், அப்போது என்ன செய்வாய் என்பாராம். பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து எங்காவது பொதுவாக ஒரு கேஸ் தாங்கி வைத்து, நிரப்பி, இல்லாதவனுக்கு முதலில் கொடுத்துப் பிறகு வாங்கிக்கொள்ளலாமே என்று என் கணவர் சொன்னாராம். சமையல்காரன் கணக்கு என்று சிரித்தார்களாம். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் அந்தத் தாங்கியை எந்த நாட்டில் வைப்பது என்றுதான் சண்டையாம்.

நான் மலைக்குத் திரும்பிச் சில நாளில் அழைப்பு வந்தது.

"போகச் சொல்லிட்டாங்க. டொலர் வரல்ல. சிட்டகொங்ல எறக்கப் போறோம்."

எனக்குக் கோபம் வரவில்லை. கொய்யா மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அந்தக் கேஸில் யாரோ ஒரு அம்மா யாரோ ஒரு பிள்ளைக்குப் பால் காய்ச்சுவாள், அது பரவாயில்லை என்று நினைக்கப் பார்த்தேன். பாதி நினைக்க முடிந்தது.

பங்களாதேஷ்காரருக்குச் சொந்தக் கரையைப் பார்க்கப்போகிற சந்தோஷம். அதை என் கணவர் முன்னால் காட்ட அவருக்குக் கூச்சம். கப்பல் நங்கூரம் தூக்கிய அன்று அவர் சமையலறைக்கு வந்து, ஒரு கூடை வெங்காயத்தை உரித்துக் கொடுத்துவிட்டுப் போனாராம். அங்கே போய்ச் சேர்ந்ததும் வீட்டிலிருந்து ஒரு பெரிய மீன் தருவித்து, இது உன் மனைவி பிள்ளைக்கு, அவர்கள் இங்கே இல்லாததால் நீயே சாப்பிடு என்று கொடுத்தாராம். முள் நிறைந்த மீன். என் கணவர் தனியாக உட்கார்ந்து, மெதுவாக, முழுதையும் சாப்பிட்டு முடித்ததாகச் சொன்னார்.

எங்களுக்குக் கேஸ் பிறகு வந்தது. அயல்நாடு தந்த கடனில் வந்தது என்றார்கள், வேறு எங்கிருந்தோ உதவி என்றும் சொன்னார்கள். வேறு கப்பல், வேறு சமையல்காரர். நானா பிள்ளைக் காம்பராவுக்கென்று ஒரு சிலிண்டரைத் தன் லொறியிலேயே அனுப்பினார். அடுப்பைப் பற்றவைத்தபோது எழுந்த நீலச் சுவாலையை ஆயம்மாவும் நானும் பாத்திரம் வைக்காமல் சற்று நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் கணவர் வந்தார், போனார், மறுபடி வந்தார், மறுபடி போயிருக்கிறார். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். முன்பெல்லாம் செய்தியில் வெளிநாட்டுச் சங்கதி வந்தால் நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போவேன். இப்போது அவர் கப்பல் வளைகுடாவுக்குப் போய்வரும் கடல் இடுக்கான ஹோர்முஸின் பெயர் கேட்டால் கை அப்படியே நின்றுவிடுகிறது. அங்கே சண்டை என்றால் இங்கே அடுத்த சிலிண்டரை முன்கூட்டியே எடுத்து வைக்கிறேன். அந்தச் சிலிண்டரை உருட்டும்போது அவரையும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு பயமும் இப்போது ஒரே பயமாகிவிட்டது.

போன வாரம் அந்த இடுக்கைத் தாண்டி வந்த பிறகு பேசினார். பயமாக இருந்ததா என்று கேட்டேன். ஜன்னல் திரைகளை மூடிவைக்கச் சொன்னார்கள், ஒன்றும் தெரியவில்லை என்றார். அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"இருவது பேருக்குப் பருப்பு வெச்சேன்," என்றார். "கொஞ்சம் உப்புக் கூடிருச்சு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல்ல."