மரத்துப்போகிற ஊசி

பிள்ளைகளா, உங்கள் பெரியக்காளின் வலது குதிங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. கடற்கரையில் சிப்பி கிழித்தது என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று சொல்லிச் சொல்லி அவளை நம்பவைத்தவன் நான். எட்டாவது வரை படித்தவன் எழுதுவது இது. பிழை இருக்கும், பொய் இருக்காது.

அப்போது அவளுக்கு நாலு வயது முடியவில்லை. நீங்கள் யாரும் பிறக்கவில்லை. பரமக்குடிக்குத் தெற்கே நம் ஊரில் மிளகாய் போட்டிருந்தோம். கொல்லைக்குப் போகிற வழியில் அவள் காலில் கருவை முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. எருக்கம்பால் வைத்தால் முள் தானாக மேலே வரும் என்பார்கள். நாலு நாள் வைத்தோம். முள் வரவில்லை. குதிங்கால் வீங்கி, கணுக்கால் வரை சிவந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

நானும் அவளும் மட்டும் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரி என்றால் கத்துவாள் என்று பயந்து, "கடல் பாக்கப் போறோம் தாயி" என்றேன். வழியெல்லாம் என் மடியில் உட்கார்ந்து, கடல் நம்ம கண்மாயைவிடப் பெருசா, அங்கன மாடு தண்ணி குடிக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அது ஒரு டாக்டர் தனியாக வைத்திருந்த சின்ன ஆஸ்பத்திரி. கம்பவுண்டர்தான் முதலில் காலைப் பார்த்தார். எருக்கம்பால் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"ஏன்யா, வைத்தியம் பாக்க பிள்ளையக் கூட்டியாந்தியா, எருக்கஞ்செடியக் கூட்டியாந்தியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். பிள்ளை துடித்தாள். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா காலையே எடுக்கணும். இப்பவே கீறி எடுத்துர்றேன், சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்றார். பிறகு, "வலி தெரியாம மரத்துப்போறதுக்கு ஒரு ஊசி போடுறேன்" என்றார்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டால் நம் ஊரில் குறுகுறுக்கிறது என்போமே தவிர, மரத்துப்போச்சு என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சொல் பெருவியாதிக்கு, குஷ்டத்துக்கு. கண்மாய்க்கு அந்தப் பக்கம் குடிசையில் ஒருவர் இருந்தார். அடுப்பில் கால் பட்டுத் தோல் கருகியும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாராம். அன்றைக்கு, கால் மரத்துப்போச்சு என்று ஊர் சொல்லிற்று. மறுநாளிலிருந்து அவருக்குச் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு வந்தார்கள்.

"மரக்க வேணாங்கய்யா" என்றேன். "பொம்பளப்பிள்ள. நாளைக்கு யாரு கட்டுவா?"

டாக்டருக்கு விளங்கவில்லை. "அறுக்குறது தெரியுமேப்பா?"

"தெரியட்டுங்க. உணர்ச்சி இருந்தாப் போதும்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். வெளியே கூட்டம் நின்றது. "உன் பிள்ளை. அப்ப நீயே பிடி" என்றார்.

மேசையில் குப்புறப் படுக்கவைத்தோம். தலையைத் திருப்பி, "அய்யா, கடல் இங்கனயா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா தாயி" என்று சொல்லிவிட்டுப் பிடித்தேன். கன்றுக்குச் சூடு போடும்போது பிடிப்பேனே, அதே பிடி. ஒரு முழங்கையால் முதுகை அமுக்கி, இன்னொரு கையால் கெண்டைக்காலை இறுக்கிக்கொள்வது. எனக்கு அதில் ஊரில் நல்ல பேர். அவளால் அசைய முடியவில்லை.

கத்தி இறங்கியதும் அவள் கத்தவில்லை. மூச்சு வரவில்லை. பிறகு வந்தது. "அய்யா விடச் சொல்லுங்கய்யா, அய்யா விடச் சொல்லுங்கய்யா!"

அவள் என்னைத்தான் அய்யா என்றாள். டாக்டர் தன்னை என்று நினைத்துக்கொண்டு, "விட்டுர்றேம்மா, இந்தா விட்டுர்றேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே குடைந்தார். சீழ் வந்தது, ரத்தம் வந்தது, கடைசியில் அரை விரல் நீளத்துக்கு முள் வந்தது. அதற்குள் அவள் அய்யா என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். மேசையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டுப் போட்டு, அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்களுக்கு அடுத்ததாக உள்ளே போனவர் வாலிநோக்கத்துக்காரர், உப்பளத்து வேலை. கால் பெருவிரலில் அழுகின நகத்தைப் பிடுங்கிக்கொண்டு, கட்டோடு நொண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

"நகத்தப் புடுங்குனதே தெரியலைங்க. ஊசியப் போட்டாரு, விரலு மரக்கட்டை மாதிரி ஆயிப்போச்சு" என்றார்.

அவர் பக்கம் திரும்பினேன். "அப்படியே நின்னுறாதா?"

"எது?"

"மரத்தது."

"நிக்கவா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல ஆளுய்யா நீரு! ஒரு மணி நேரத்துல தெளிஞ்சுரும். இது எனக்கு ரெண்டாவது விரலு. போன தடவ பஸ்ஸுல பாதி வழியிலயே உணர்ச்சி வந்து உயிரை எடுத்துருச்சு."

அப்புறம் குனிந்து, அவள் கட்டைப் பார்த்து, கன்னத்தைத் தட்டினார். "தாயிக்கும் ஊசி போட்டாகளா? ஒண்ணுமே வலிக்கலைல்ல?"

அவள் அவருக்குப் பயந்து முகத்தை மூட இடம் தேடினாள். அங்கே என் தோளைத் தவிர வேறு தோள் இல்லை. அதிலேயே மூடிக்கொண்டாள்.

கடலுக்குப் போகவில்லை. திரும்புகிற பஸ்ஸில் தூங்கி விழித்து, "கடல் பாத்தாச்சா?" என்று கேட்டாள். "பாத்தாச்சு. அங்கனதேன் சிப்பி கிழிச்சுருச்சு" என்றேன். காய்ச்சல் கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாள் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

உங்கள் அம்மா கேட்டதற்கும் ஊசி போட்டார்கள் என்றுதான் சொன்னேன். பொழுது சாய்கிற நேரத்தில் வேலி பார்க்கப் போவதாகச் சொல்லிக் கொல்லைக்குப் போனேன். வேலிக் கருவையில் ஒரு முள்ளை ஒடித்து, வரப்பில் உட்கார்ந்து, என் குதிங்காலில் குத்தினேன். பாதி முள் இறங்கியும் ஒன்றும் தெரியவில்லை. வெறுங்காலோடு நடந்து நடந்து அந்த இடம் எப்போதோ மரத்திருந்தது. அதைப் பிடுங்கி, உள்ளங்காலின் குழிவில், தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில் வைத்து அழுத்தினேன். சுரீர் என்று தலைவரை ஏறியது. உடனே வெளியே இழுத்துவிட்டேன். என் காலை யாரும் பிடித்திருக்கவில்லை.