விற்பனைக்கு வந்த கிரேக்கக் கப்பல்

லண்டனுக்கு வந்து சேர்வதற்கு முன்னர் இரண்டு வருடம் நான் ஒரு கிரேக்கக் கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்தேன். ஆட்களையும் கார்களையும் தீவுகளுக்கு ஏற்றிப்போகும் கப்பல் அது. ஜப்பானில் கட்டப்பட்டு, அங்கே கிழடு தட்டிய பின் கிரேக்கத்துக்கு வந்தது. வாங்கியவர்கள் பின்பக்கத்தை வெட்டி, மேலே தட்டுகள் ஏற்றி, புதிய அறைகள் கட்டினார்கள். கழிவறைகள் பெருகின, கழிவுத் தொட்டியை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். கோடையில் கப்பல் நிறைந்தால் தொட்டி பொங்கும். கீழ்த்தட்டுக் குளியலறைகளின் வடிகால்களில் மலம் மேலேறி வந்து நிற்கும். அதை வாளியால் அள்ளியவர்களில் நானும் ஒருவன். அள்ளி முடித்ததும் தேசிக்காய், அதாவது எலுமிச்சை மணமுள்ள திரவத்தைத் தரையில் ஊற்றச் சொல்வார்கள். அந்த மணத்தில் இன்றைக்கும் ஒரு சோப்பை என் வீட்டில் வைக்க விடமாட்டேன்.

பல வருடங்கள் கழித்து, கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் பகுதியில் வீடு வாங்கி, பிள்ளைகளும் வளர்ந்த பின், பழைய கப்பல்களை விற்றுக்கொடுக்கும் ஒரு லண்டன் கொம்பனியில் இருந்தேன். அங்கே எங்கள் பிரிவின் தலைவர் மலேசியத் தமிழர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என்னைவிட இளையவர், மரியாதையானவர். ஒருநாள் விற்பனைக்கு வந்த ஒரு கப்பலின் படங்களை அனுப்பி, அதன் சேவை வரலாற்றை எழுதித் தரச் சொன்னார். பெயரும் நிறமும் புதியவை. ஆனால் கார் தட்டின் சுவரில், வெள்ளைப் பூச்சுக்கு அடியில், ஜப்பானிய எழுத்துகள் புடைத்து நின்றன. கீழே, லொறி இடித்து வளைந்த தூண் அப்படியே இருந்தது. என்னுடைய கப்பல்தான்.

நடந்ததை எழுதினேன். வெட்டி ஒட்டியது, தொட்டி, துருவைச் சுரண்டாமலே பூசிய பெயின்ற், சலவை அறையில் பிடித்த தீ, அதில் கை வெந்துபோன பிலிப்பைன்ஸ் நண்பன். தலைவர் வாசித்துவிட்டு என்னை அழைத்தார். சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க அண்ணே. ஆனா இது விக்கிறதுக்கு எழுதுறது. நாத்தத்தையெல்லாம் எடுத்துடுங்க."

"அதை எடுத்தால் அந்தக் கப்பலிலை மிச்சம் ஒண்டும் இராது, தம்பி."

அவர் சிரித்தார். பிறகு தானே திருத்தினார். வெட்டி ஒட்டியது 'விரிவான நவீனமயமாக்கல்' ஆனது. தீ காணாமல் போனது. கப்பல் 'பயணிகளின் அன்பைப் பெற்றது' என்று முடித்திருந்தார்.

வாங்க வந்தவர் கிழக்கு ஆபிரிக்கக் கரையில் கப்பல்கள் ஓட்டுபவர். தலைவர் தொலைபேசியோடு வெளியே போன நேரம், கப்பல்களில் வேலை செய்திருக்கிறாயா என்று அவர் என்னைக் கேட்டார். இதே கப்பலில் என்றேன். உன் பிள்ளைகளை இதில் ஏற்றுவாயா என்றார். மாட்டேன் என்று சொல்லி, காரணங்களையும் சொன்னேன். குறுக்கிடாமல் கவனமாகக் கேட்டார். இந்த மனிதர் வாங்கமாட்டார் என்று எனக்கு நெஞ்சு இலேசானது.

அடுத்த வாரமே கப்பல் விற்றுப்போனது. நான் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்லி விலையைக் குறைத்திருக்கிறார் மனிதர். தொட்டியை மாற்றுவீர்களா என்று தலைவர் கேட்டதற்கு, எங்கள் பயணிகள் எதற்கும் முறையிடுவதில்லை என்றாராம். தலைவர் அதைச் சிரித்தபடி பகிடிபோல எனக்குச் சொன்னார். அவர் என்மீது கோபிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அவரோ கேக் வாங்கி வந்திருந்தார்.

"உங்க புண்ணியத்துல சீக்கிரமா முடிஞ்சுது அண்ணே," என்று கிரீம் பட்ட விரல்களால் என் தோளைத் தட்டினார்.

அந்தச் சட்டையை வீட்டுக்கு வந்ததும் குப்பையில் போட்டேன். வேலையை விடப்போவதாக மனைவியிடம் சொன்னேன். அவர் பக்கத்து ஊரான குட்மேய்ஸில் ஒரு மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்தார்.

"நீங்கள் விட்டால் அவையள் கப்பல் விக்கிறதை நிப்பாட்டுவினமோ?"

"இல்லை. ஆனால் பக்கத்திலை நிண்டு பாக்க என்னாலை ஏலாது."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அப்ப விடுங்கோ," என்றார்.

இப்போது அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்டுகள் பழுதுபார்க்கிறேன். ஆபத்தென்று கண்டால் நிறுத்திப் பூட்டிவிட்டு வரலாம்; யாரும் என்னைத் திருத்துவதில்லை. கப்பல்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று கைபேசியில் இருக்கிறது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். நேற்றும் அந்தக் கப்பல் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தது.