சங்கத்துக்கே அண்ணி

தேசிய ரக்பி சங்கத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தலைவரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணி. நரைத்த மீசையுள்ள நடுவர்கள்கூட, "அண்ணி, கூட்டம் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். அந்த முறைக்குக் காரணமான அண்ணன், அதாவது அவள் கணவன், அவள் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஆளுயரப் படமாக நின்றான். கக்கத்தில் பந்து, முழங்காலில் சேறு, வாயோரம் ஒரு சிரிப்பு.

தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டத்தில் அவனுக்குக் கழுத்து முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. மகளுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. சங்கம் அவளுக்கு வேலை கொடுத்தது. மரியாதைக்கென்று அவன் படத்தையும் மாட்டியது. எங்கே மாட்டுவது என்று அவளைக் கேட்கவில்லை. "அண்ணிக்கு எதிரிலேயே இருக்கட்டும், ஆறுதலா இருக்கும்" என்று யாரோ சொன்னார்களாம்.

நல்ல ஆறுதல்! அவள் தொலைபேசியில் பேசும்போது அவன் பார்த்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பார்த்தான். பதிவுக்கு வரும் ஆட்டக்காரர்கள் பூட்ஸைக் கழற்றாமல் சிமெண்டுத் தரையில் கடகடவென்று நடந்து வந்தால், அவள் கை இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பயிற்சி முடிந்து அவன் வீட்டுப் படியேறும் சத்தம் அப்படித்தான் இருக்கும். நிமிர்ந்து பார்த்து, வேறு யாரோ என்று தெரிந்ததும், "பூட்ஸை வெளியில விட்டுட்டு வாங்க தம்பி" என்பாள். எத்தனை வருடமானாலும் நிமிராமல் இருக்க அவளால் முடியவில்லை.

அவளுக்கு மூட்டுவலி வந்தது, கண்ணாடி வந்தது. அவனுக்கு ஒன்றும் வரவில்லை. ஒருநாள் அவளைப் பார்க்க வந்த மகள் படத்தின் முன்னால் நின்று, "அம்மா, அப்பா இப்போ எனக்குத் தம்பி மாதிரி இருக்காரும்மா" என்று சிரித்தாள். அம்மாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மகளுக்குத் தம்பி என்றால் தனக்கு அவன் யார்?

அந்த வருடம்தான் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். அவள் கணவனின் உயிர் நண்பர்; கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். அந்தத் தேர்வு ஆட்டத்தில் எதிர் அணியில் இருந்து, பாய்ந்து அவனைப் பிடித்துக் கீழே சாய்த்தவரும் அவரேதான். விதிப்படி சரியான பிடி என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். சாவுக்கு வந்துபோனவர் அதற்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

செயலாளரான பிறகும் அவள் கண்ணில் படவில்லை. பின்பக்கம், ஜெர்சியும் பந்தும் அடைத்து வைத்திருக்கும் அறையை ஒட்டி மாடிக்கு ஓர் இரும்புப் படி உண்டு. அதில் ஏறி, அதிலேயே இறங்கிப் போனார். அவளிடமிருந்து ஏதாவது வேண்டுமென்றால் ஆள் அனுப்பினார். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

மழைக்காலத்தில் அந்தப் படி துருவேறி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பின்கதவைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலை செயலாளர் முன்வாசல் வழியாக வந்தார். வந்தவர் கால்மிதியைத் தாண்டவில்லை. அவர் பார்த்தது அவளை அல்ல, படத்தை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் காலடியில் தேங்கியது.

"உள்ள வாங்க. அவர் ஒண்ணும் பண்ண மாட்டார்" என்றாள்.

"இல்ல அண்ணி..."

"கல்யாணத்துல தங்கச்சின்னுதானே கூப்பிட்டீங்க? இப்ப நீங்களும் அண்ணியாக்கிட்டீங்களா?"

அவர் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பெரிய உடம்பு, நாற்காலி முனகியது. அவள் பேனாவை மூடி வைத்தாள். இப்போது விட்டால் இனிக் கேட்கவே முடியாது.

"அவர் கடைசியில ஏதாவது பேசினாரா? நினைவே இல்லாம போயிட்டார்னுதான் எல்லாரும் எங்கிட்ட சொன்னாங்க."

அவர் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பேசினான். நான்தான் அவன் மேல கிடந்தேன். எழுந்திருடான்னேன். 'டேய், என் காலைக் காணோம்டா, எங்கடா ஒளிச்சு வச்சே'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான் தங்கச்சி. எப்பவும் போல கிண்டல் பண்றான்னு நாங்களும் சிரிச்சோம். அப்புறம் அவன் சிரிக்கல."

தொலைபேசி அடித்தது. எடுத்தாள். யாரோ மைதானத்துக்கு வழி கேட்டார்கள், நிதானமாகச் சொன்னாள். ரிசீவரை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அவர் எழுந்து போகவில்லை. வந்தவர்களையெல்லாம் கையசைத்தே மாடிக்கு அனுப்பிவிட்டு, அவள் ஓயும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

"இந்தப் படத்தை வேற எங்கயாவது மாட்டுங்கண்ணா. எதிர்ல உட்கார்ந்து சாப்பிட முடியலை" என்றாள் கடைசியில்.

செயலாளர் அதைக் குழுவில் எடுத்துச் சொன்னார். செத்தவனை அவமதிக்கிறோமா என்று ஒரு பெரியவர் குதித்தார். மெல்ல வழிக்கு வந்தார்கள். படம் மாடிக்குப் போய், கூட்ட அறையில் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து கூட்டங்களில் வெட்டிப் பேச்சு குறைந்துவிட்டதாகக் கேள்வி.

படம் போனதும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி ஆகவில்லை. காலையில் கண் விழித்ததும், போர்வைக்குள் தன் கால்விரல்களை அசைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. அசைந்த பிறகுதான் எழுவாள். அவன் கடைசியாகச் சொன்னதை மகளிடம் சொன்னபோது, அவள் "அப்பா குரல் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள். எவ்வளவோ முயன்றும் அம்மாவுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

ஆட்ட நாட்களில் ஒவ்வொரு மைதானத்துக்கும் போன் செய்து, ஆம்புலன்ஸ் வந்துவிட்டதா என்று கேட்பது அவள் வேலை. இப்போது ஆட்டம் முடிந்த பிறகும் கூப்பிடுகிறாள்.

"எல்லாரும் எழுந்து நடந்து போனாங்களா?"

"போயிருப்பாங்க அண்ணி. நம்ம பையங்கதான் ஜெயிச்சாங்க..."

"யார் ஜெயிச்சாங்கன்னு நான் கேக்கலை தம்பி. வெளியில போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

மைதானத்து ஆள் அலுத்துக்கொண்டு போய்த் திரும்பி வரும்வரை, அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுப்பதில்லை.