இரண்டு வகை எனிமா

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, வயல்களுக்குள் இருந்த ஒரு ரயில்வே கேட்டில் சவுரிராயன் கேட்கீப்பராக இருந்தார். மனைவி லூர்துமேரி இறந்துவிட்டாள், பிள்ளைகளும் இல்லை. தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவருக்கு 1987 கோடையில் ரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முட்டிக்கொண்டு வந்தால் அடக்க முடியாது. பச்சைக்கொடி பிடித்து நிற்கும்போதே காக்கிக் கால்சட்டை நனைந்துபோன நாளும் உண்டு. மூடிய கேட்டுக்கு அப்பால் காத்திருந்த வண்டிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் எவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பெருங்குடலில் புண் என்றார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் அந்த நோய்க்கு இரண்டு எனிமா மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று பழைய ஸ்டீராய்டு, மற்றது புதிதாக வந்தது. பாட்டில்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தன.

“இது நேரா புண்ணு மேலயே படும். உங்களுக்கு எது வருதுன்னு எனக்கும் தெரியாது. சம்மதமா?”

“குடுங்கம்மா. எதுலனா நின்னா போதும்.”

உதவிக்கு ஆளில்லை. கையைப் பின்னால் விட்டுத் தானே பாட்டிலை அழுத்தி, மருந்து வெளியேறிவிடாமல் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் வளவனூரைச் சேர்ந்த விருத்தாசலம் என்பவர் பழக்கமானார். கரும்பு விவசாயி, அதே நோய், அதே சோதனை. வேறு யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் இருவரும் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டார்கள்.

“எனக்கு ரத்தம் நின்னுப்போச்சுங்க. உங்களுக்கு?” என்றார் விருத்தாசலம் ஒருநாள்.

“வந்துக்கினேதான் இருக்குது.”

“அப்போ என் பாட்டில எடுத்துக்கினு போங்க. மாத்திக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?”

சவுரிராயனின் கை நீண்டுவிட்டது. பிறகு இழுத்துக்கொண்டார்.

“வாணாங்க. உங்களுக்குத் திரும்ப வந்துட்டா?”

சோதனை முடிந்ததும் டாக்டர் சவுரிராயனுக்கு மற்ற மருந்தைக் கொடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் ரத்தம் நின்றது. அதைச் சொல்லப் பெஞ்சில் விருத்தாசலத்தைத் தேடினார். குணமாகிவிட்டதால் அவர் ஆஸ்பத்திரிக்கு வருவதையே நிறுத்தியிருந்தார்.

ஓய்வு நாளில் வளவனூருக்குப் பஸ் ஏறி, விசாரித்துப் போனார். கரும்பாலையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் விருத்தாசலத்தின் முகம் வெளுத்தது.

“யாரு மாமா இவுரு?” என்று கேட்டான் ஒருவன்.

“வெல்லம் கெடைக்குமான்னு கேக்க வந்தேங்க” என்றார் சவுரிராயன்.

ரோடு வரை கூடவே வந்த விருத்தாசலம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஊர்ல யாருக்கும் தெரியாதுங்க. பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு இருக்கோம்.”

“புரியுதுங்க. எனக்கும் நின்னுப்போச்சு. அத்தச் சொல்லத்தான் வந்தேன்.”

விருத்தாசலம் அவர் கையை இறுக்கிப் பிடித்தார். யாரோ சைக்கிளில் வரவே, விட்டுவிட்டார்.

பிறகு அவர்கள் சந்திக்கவில்லை. நோய் அவ்வப்போது தலைகாட்டியது. இரண்டாவதாகக் கொடுத்த அந்த மருந்தே அடக்கியது. ஒவ்வொரு முறை அடங்கும்போதும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கும். சொல்லாமலே இருந்துவிடுவார்.