பெயரில்லாத ஈயும் எங்கள் வீட்டுக் கோழியும்

அரிசிமணியில் பாதிகூட இல்லாத ஓர் ஈயைப் பற்றி நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். உடல் பச்சை உலோகம்போல மின்னும். கால்கள் மட்டும் அந்த உடலுக்குப் பொருந்தாத நீளம். தாமிரபரணி கடலில் சேரும் இடத்து அலையாத்திக் காட்டில், முழங்கால் சேற்றில் நின்று நானே பிடித்தது. இதற்கு முன் யாரும் இதைப் பற்றி எழுதியதில்லை. ஆகவே இதன் காலில் எந்த இடத்தில் மயிர் இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்பதுவரை நான்தான் எழுத வேண்டும். பெயரும் நான்தான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இந்தச் செய்தியைச் சொன்னதும் அப்பா, "ஈக்குப் பேரு வைக்கதுக்கா இம்புட்டுப் படிச்ச?" என்றார். அன்று மாலைக்குள் மீன் ஏலம் விடும் இடத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

இந்த ஈயின் உறவுக்கார ஈ ஒன்று, நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறது.

அதைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். அன்று கடல் கலங்கிக் கிடந்ததால் வேலைக்குப் போகாமல், விடிந்ததும் நண்டு பிடிக்க அலையாத்திக் காட்டுப் பக்கம் போனார். வரும்போது தோளில் நண்டுச் சாக்குக்குப் பதில் ஒரு வலை கிடந்தது. கொசுவலைபோல மெல்லிய வெள்ளை வலை. கூடாரம்போல விரியும். அதன் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கேட்பாரற்றுக் கிடக்கும் வலையை எடுத்தவர் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. நல்ல தண்ணீரில் அலசி, கிழிசலைத் தைத்து, கடற்கரையில் சிலுவை நட்டிருக்கும் சிறு கோயிலான குருசடியின் வேலிக் கம்பியில் தொங்கவிட வேண்டும். உடையவர் வந்து எடுத்துக்கொள்வார். யார் எடுத்தது என்று அவரும் கேட்கமாட்டார், எடுத்தவரும் சொல்லமாட்டார். நம் வலை காணாமல்போனால் நமக்கும் யாரோ இப்படிச் செய்வார்கள் என்ற நம்பிக்கைதான்.

தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் ஊரில், அம்மா அந்த வலைக்காக ஒரு குடம் நல்ல தண்ணீரைக் கொடுத்தாள். மாமா அலசிக் காயப்போட்டுவிட்டு ஊசி நூலோடு உட்கார்ந்தார்.

"எந்தப் பய வலையோ, ரெண்டு பக்கமும் வாயைப் பொளந்துகிட்டுக் கெடக்கு பாருக்கா" என்று சொல்லி, திறந்திருந்த பக்கங்களை அழகாகத் தைத்து மூடினார். பூச்சி உள்ளே நுழைவதற்காகவே அப்படித் திறந்து வைத்திருந்த வலை அது.

பாட்டிலை அம்மா திறந்தாள். மாமா மூக்கை நீட்டினார்.

"எக்கா, இது சரக்கு வாடைல்லா அடிக்கு!"

"வாயில வச்சேன்னா மண்டையப் பொளந்துருவேன், ஆமா" என்றாள் அம்மா. உள்ளே இருந்ததை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டுப் பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அவளுக்குப் பிடிக்காது. காய்ந்த கூனி இறாலை அதில் கழுத்துவரை நிரப்பி மூடினாள். வலை குருசடிக்குப் போனது.

உச்சி வெயிலில் பேன்ட் முழுக்கச் சேறாக ஒரு அக்கா கடற்கரைப் பக்கமாக ஓடிவந்தார். கல்லூரியிலிருந்து பூச்சி ஆராய்ச்சிக்கு வந்தவர். ஆற்றின் அக்கரையில் தங்கிப் படகில் வந்துபோய்க் கொண்டிருந்ததால் எங்கள் ஊருக்கு அவரைத் தெரியாது. வலையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. தையலைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார்.

"இதுக்குள்ள பூச்சியெல்லாம் இருந்துச்சே?"

வேடிக்கை பார்க்கக் கூடியவர்களில் இருந்து, வழக்கத்தை மீறி அம்மா முன்னால் வந்தாள். "செத்த ஈயும் எறும்பும்லா கெடந்துச்சு தாயி. கொட்டிட்டு நல்லாக் கழுவி வச்சிருக்கேன்."

அந்த அக்கா குருசடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் மாலை, முன்கால் நுனியில் வெள்ளைக் கொடி பிடித்தாற்போல ஒரு ஆண் ஈ வலையில் ஏறிப் பாட்டிலுக்குள் விழுந்ததைப் பார்த்தாராம். தண்ணீர் ஏறுகிறது என்று படகுக்காரர் அவசரப்படுத்தவே, காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுப் போயிருக்கிறார். உலகத்தில் யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. கையில் ஒன்றாவது இருந்தால்தான் பெயர் வைக்க முடியும். மறுநாள் அவர் ஊர் திரும்பியாக வேண்டும்.

"ஈதானம்மா? கருவாடு காயுற எடத்துக்கு வாங்க, மூட்டையாக் கட்டித் தாரேன்" என்றார் மாமா. அம்மா முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

எல்லோரும் முருங்கை மரத்தடிக்கு ஓடினோம். கடலடியில் கண் தெரியாத கலங்கலிலும் விரலாலேயே சங்கைத் தடவி எடுக்கும் மாமா, மண்ணை விரலால் கோதிக் கோதிப் பார்த்தார். ஒரு சிறகுகூட இல்லை. அப்போதுதான் எங்கள் கோழி வேலி ஓரமாக நடந்து வந்தது. இரண்டு அடி வைத்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எழுந்து எதிர்ப் பக்கம் சாய்ந்தது.

"எக்கா, ஓங்கோழி தண்ணியப் போட்டிருக்குக்கா!"

கூடியிருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அக்கா மட்டும் சிரிக்காமல் கோழியையே பார்த்தார். அம்மாவுக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. கோழியை இறக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கத்தியோடு வந்தாள்.

"இன்னும் கரைஞ்சிருக்காது தாயி. இரைப்பையக் கீறிப் பாத்தா ஒங்க ஈ அப்படியே கெடக்கும்."

அந்த அக்கா சட்டென்று எழுந்து வந்தார். கோழியின் கழுத்துக்குக் கீழே புடைத்திருந்த இடத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை.

"முட்டை போடுற கோழியாக்கா?"

"போடும். இவ பள்ளிக்கூடத்துக்குப் போறால்லா, இவளுக்குத்தான் அவிச்சுக் குடுக்கேன். எங்க வீட்டுல பள்ளிக்கூடம் போன மொத ஆளு இவதான். அதுக்கென்ன, வேற கோழி வாங்கிக்கிடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். "மூணாப்பு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"விட்டுருங்கக்கா. உள்ள போனது இந்நேரம் உருத்தெரியாம ஆயிருக்கும்."

அவர் சொன்னது உண்மையில்லை. சாராயத்தில் ஊறி விறைத்த ஈ, கோழியின் இரைப்பையில் சில மணி நேரம் அப்படியே கிடக்கும். முழு ஈகூட வேண்டாம், அந்த முன்கால் ஒன்று கிடைத்திருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். இது இன்று எனக்குத் தெரியும். அன்று அவருக்கும் தெரிந்திருக்கும். வெள்ளைக் கொடி பிடித்த அந்த ஈயை அதே காட்டில் நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் என் கண்ணில் படவில்லை.

மாமா தையலைப் பிரித்து வலையைச் சுருட்டிக் கொடுத்தார். அந்த அக்கா கூனி இறால் பாட்டிலையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார். கோழி சாயங்காலம்வரை தூங்கிவிட்டு எழுந்து எதுவும் நடக்காததுபோல மேய்ந்தது.

மறுநாள் காலையில் அம்மா எனக்கு முட்டை அவித்துக் கொடுத்தாள். அதை வாய் நிறைய வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொன்னேன்: "அவ்வளவு பெரிய படிப்புப் படிச்சிருக்கா, ஆனா கோழி ரத்தம்னா அவளுக்குப் பயம்ளா!"