செசிலியம்மாளுக்குச் சாமி வந்த வழக்கு

பாகூருக்குப் போகும் வண்டிப்பாதையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே, நாற்பது வேதக்காரக் கிறிஸ்தவ வீடுகளும் ஒரு கூரை வேய்ந்த மாதா கோயிலும் உள்ள ஊர் அது. கோயிலில் ஒழுங்கு மிகப் பலம். கூரை ஒழுகுவதைக் கவனிக்கக்கூட யாருக்கும் நேரமிராது. பூசைக்குப் பிந்தி வந்தவன் வாசலில் முழங்காலில் நிற்க வேண்டும். தெருக்கூத்துப் பார்த்தவன் தலையில் முள்முடியும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சில ஞாயிறுகளில் கோயிலுக்கு உள்ளே இருந்தவர்களைவிட வாசலில் நின்றவர்கள் அதிகம்.

இந்த ஒழுங்கைப் பரிபாலித்தவர் உபதேசியார் இன்னாசிமுத்து. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து எட்டு மாதம். குருவானவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் மாட்டுவண்டியில் வருவார். இடையில் செபம் நடத்துவது, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு 'தடை அறிந்தவர் சொல்லலாம்' என்று ஓலை வாசிப்பது, பாவிகளைக் கண்டுபிடிப்பது எல்லாம் உபதேசியார் பொறுப்பு. கடைசி வேலையில்தான் அவருக்கு அலுப்பே வராது.

செசிலியம்மாள் நாற்பத்திரண்டு வயதுவரை ஒருநாளும் அந்த வாசலில் முழங்காலில் நின்றதில்லை. உபதேசியாருக்கு அதுவே சந்தேகம். நடவு, களை, கரும்பு வெட்டு என்று கூலிக்குப் போய் ஒற்றைப் பெண்ணை ஆளாக்கியவள். புருஷன் சந்தியாகு பேசமாட்டான். அவன் பங்கையும் இவளே பேசினாள்.

1931 ஐப்பசியில் மகள் பிலோமினாளுக்குப் பூரணாங்குப்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. சைகோனில் துரை வீட்டுச் சமையல்காரன், லீவில் வந்தவன். மூன்று வாரத்தில் அவனுக்குக் கப்பல். அதற்குள் தாலி ஏறாவிட்டால், அடுத்த லீவுக்கு ஐந்து வருஷம். முதல் ஓலை வாசித்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை செசிலியம்மாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக் கூந்தலை உதறிக்கொண்டிருந்தாள். பாதையில் ஒரு வண்டி. உள்ளே வெள்ளை அங்கி, தாடி. வரவேண்டிய நாளே இல்லை! அவள் அப்படியே தெருவில் ஓடினாள். "சாமி வந்துடுச்சு! சாமி வந்துடுச்சு!"

வண்டி நிற்காமல் பாகூர்ப் பக்கம் போய்விட்டது. அவளும் அசடு வழிய வீடு திரும்பினாள்.

குருவானவரை எங்கள் பக்கத்தில் சாமி என்போம். பிரியமான பெரியவர்கள் எல்லாரும் எங்களுக்கு 'வந்துச்சு'தான்: அக்கா வந்துச்சு, மாமா வந்துச்சு, சாமி வந்துச்சு. திருநெல்வேலியில் சாமியார் 'வந்தாக'. 'சாமி வந்துச்சு' என்றால் அங்கே அர்த்தம் ஒன்றுதான். அதற்கு உடுக்கையும் வேப்பிலையும் வேண்டும்.

உபதேசியார் தம் வீட்டு ஜன்னல் வழியே கண்டது விரித்த தலை, ஓட்டம், கூச்சல். குருவானவரையோ எங்கும் காணோம். நோட்டில் எழுதினார்: 'செசிலி என்பவள்மேல் அஞ்ஞான சாமி இறங்கி, தெருவில் ஆடினாள்.'

ஞாயிற்றுக்கிழமை குருவானவர் வந்து நோட்டைப் பார்த்தார். பிரான்சிலிருந்து வந்து இரண்டு வருஷம். தமிழை இலக்கணப் புத்தகத்தில் படித்தவர். பீடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: மூன்று ஞாயிறு முள்முடியோடு முழங்கால். அது முடியும்வரை அந்த வீட்டு ஓலை வாசிக்கப்படாது.

பூசை முடிந்ததும் செசிலியம்மாள் அவரை மறித்தாள்.

"நான் இன்னா சாமி பண்ணேன்?"

"உன்மேல் சாமி வந்தது மெய்யா?"

"எம்மேல எங்க வந்துச்சு? ரோட்டு மேலதான் வந்துச்சு."

குருவானவர் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். "அதன் ரூபம் யாது?"

"தாடி. வெள்ளை அங்கி. வண்டியில குந்திக்கினு தூங்கிக்கினே போச்சு."

"எவ்விடம் போயிற்று?"

"பாகூருக்கு. யாரோ கெழவன் சாவக் கெடக்கறான்னு அவஸ்தை பூசப் போச்சாம்."

குருவானவர் தாடியைத் தடவினார். செவ்வாய்க்கிழமை அந்தக் கிழவனுக்குச் சாகுமுன் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசியது அவருக்கு நினைவு வந்தது. வண்டியில் தூங்கியதும்.

"அது... நான்."

"அதத்தான சாமி தலையில அடிச்சிக்கினு சொல்றேன்!"

குற்றம் இல்லையென்று ஆகிவிட்டது. ஆனால் பீடத்தில் சொன்ன தண்டனையைத் திரும்பப் பெற்றால் ஒழுங்கு என்னத்துக்கு ஆகும்? குருவானவரும் உபதேசியாரும் அரைமணி நேரம் யோசித்துக் கண்டுபிடித்தார்கள்: சம்பவ சமயத்தில் அவள் முக்காடு போட்டிருக்கவில்லை. தண்டனை நிற்கும், குற்றம் மட்டும் மாறும். இரக்கத்தின் பேரில் ஒரே ஞாயிறு.

"முட்டி போடறேன்," என்றாள் செசிலியம்மாள். "முப்பது வாரம்னாலும் போடறேன். ஓலையப் படிங்க. கப்பல்காரன் நம்ம ஒழுங்குக்காவ நிக்கமாட்டான்."

குருவானவர் அங்கேயே இரண்டாம் ஓலையை வாசிக்கச் சொன்னார். மறு ஞாயிறும் வந்து பூசை வைப்பதாகச் சொல்லிப் போனார்.

மறு ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, சம்பந்தியம்மாள் முள்முடியோடு வாசலில் நின்றாள். அவளைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். உபதேசியார் மூன்றாம் ஓலையை எடுத்தார். "தடை அறிந்தவர் யாரேனும்..." என்று நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லீங்க!" என்றது வாசல். "இன்னாத்துக்கு இன்னும் தேடிக்கினு நிக்கிறீங்க? அடுத்த வரியப் படிங்க!"

தண்டனையில் இருப்பவர் வாய் திறக்கலாகாது. உபதேசியாரின் கை நோட்டுக்குப் போயிற்று.

"வாசியும்," என்றார் குருவானவர், பீடத்தைப் பார்த்தபடியே.

செவ்வாய்க்கிழமை தாலி ஏறியது. பேசிய குற்றத்துக்கு விதித்த இன்னொரு ஞாயிறையும் செசிலியம்மாள் பாக்கியில்லாமல் நின்று தீர்த்தாள். மகளும் மாப்பிள்ளையும் அதற்குள் கப்பலேறியிருந்தார்கள்.