மங்கலாக வரும் முகம்

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதெல்லாம் ஃபோன் கையில் இல்லாத காலத்துப் பேச்சு. தாம்பரத்தில் வரன் பார்க்கும் வெப்சைட் நடத்தும் சுந்தரராமனைக் கேட்டால் சொல்வார்: பெண்ணின் படம் வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் அடுத்த பெண்ணுக்குத் தாவிவிடுகிறார்களாம். இந்த லட்சணத்தில் காலமெல்லாம் குடித்தனம் வேறு நடத்தப் போகிறார்கள்.

இதைச் சரிசெய்யும் வேலை சுபத்ராவுக்கு வந்தது. அந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். முதலில் மிகச் சிறிய, மங்கலான படம் சட்டென்று வரும். பார்ப்பவர் அதில் கண் வைத்திருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து முழுப் படமாகும். அப்படி வரும்படி புரோகிராம் எழுதி முடித்தாள். சுந்தரராமனுக்கு வாயெல்லாம் பல்.

சுபத்ராவின் படமும் அதே வெப்சைட்டில் இருந்தது. முப்பது தாண்டிய வயது. இடக் கன்னத்திலிருந்து தாடை வரை வெண்புள்ளி படர்ந்த முகம். நல்ல சம்பளம், அஸ்தினாபுரத்தில் சொந்த வீடு, ஜாதகப் பொருத்தம் என்று எல்லாம் கூடிவந்து, முகத்தைப் பார்த்ததும் ‘கலந்து பேசிச் சொல்கிறோம்’ என்று போனவர்கள் நிறைய. இன்னும் கலந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பழைய ஃபோனில் படம் சரியாக வருகிறதா என்று பார்க்க, அம்மா செல்லியம்மாளின் ஃபோனில் தன் பக்கத்தையே திறந்து கொடுத்தாள். சிக்னல் மந்தம். படம் மங்கலிலேயே நின்றது. வெண்புள்ளி தெரியவில்லை. செல்லியம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத இப்டியே நிறுத்தி வெக்க முடியாதா, சுபா?”

அம்மாவிடம் கெட்ட எண்ணம் கிடையாது. அதனால்தான் சுபத்ராவுக்கு அதிகம் வலித்தது. நிறுத்த முடியும் என்பதும் உண்மை. ஒரு வரியை மாற்றினால் போதும். பார்ப்பவர்கள் நெட் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். லேப்டாப்பைத் திறந்து அந்த வரிக்கு முன்னால் உட்கார்ந்தும் விட்டாள். ஆசையாகத்தான் இருந்தது.

கடைசியில் அவள் மாற்றியது வேறொன்றை. தன் பக்கத்துக்கு மட்டும், முதலில் வரும் அந்த மங்கல் படத்தையே எடுத்துவிட்டாள்.

“லேட்டா வந்தாலும் முழுசா வரட்டும்மா. வெயிட் பண்ண முடியாதவங்க போகட்டும்.”

செல்லியம்மாள் பக்கத்தை மறுபடி திறந்தாள். படம் வரவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம். அவள் ஃபோனைக் கீழே வைக்கவில்லை. மகளின் முகம் முழுதாக வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.